வாயில் எடுத்துப் போனது

பிப்ரவரி 6

பல்லு டாக்டரம்மாவுக்கு,

டாக்டர் இல்லை, பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள் என்று நீ ஆயிரம் தடவை திருத்தியாகிவிட்டது. இந்தத் தடவையும் திருத்து. அந்தச் சாக்கிலாவது ஒரு கடிதம் வரும்.

"போன்ல பேசினா சரி சரின்னு முடிச்சிடுவாரு, எழுதச் சொல்லுங்க, படிக்கிறேன்" என்று உன் அண்ணியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி. பார், ஆரம்பத்திலேயே ஒரு சரி வந்துவிட்டது. லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு எழுத என்ன தெரியும்? வேலை முடிந்ததும் சர்வீஸ் புத்தகத்தில் 'கதவு உரசியது, சரி செய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதுவேன். என் எழுத்து மொத்தமும் அவ்வளவுதான்.

விஷயம் உன் மீன் தொட்டியைப் பற்றி. நீ உன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பின அன்று அந்தக் குட்டி சிக்லிட் ஜோடியில் பெண் மீன் சாம்பல் பூத்துப்போய் மூலையில் கிடந்தாள். நேற்றிலிருந்து ஆளே மாறிவிட்டாள். உடம்பெல்லாம் எலுமிச்சை மஞ்சள், பக்கவாட்டில் மை வைத்த மாதிரி கறுப்பு. நீ கவிழ்த்து வைத்த மண் சட்டிக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். சட்டியின் கூரையில் சிவப்புச் சிவப்பாக முட்டை, அறுபது எழுபது இருக்கும். அவள் தலைகீழாக நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருக்கிறாள்.

ஆண் மீன், நம் மாப்பிள்ளை பாடு திண்டாட்டம். அவளைப் போல இரண்டு மடங்கு உடம்பு அவனுக்கு. ஆனாலும் சட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தாலே அடி விழுகிறது. வால் கிழிந்து ஃபில்டருக்குப் பின்னால் நிற்கிறான். அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். காலையில் ஷேவ் பண்ணும்போது தெரிந்தது.

இந்த ஜோடி முட்டை வைப்பது இதுதான் முதல் தடவை. நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

நீ கேட்டுக்கொண்டே இருப்பதற்குப் பதில்: பார்த்தேன். முன்பே சொன்னேன். தூங்குகிற மாதிரி இருந்தாள். உன் மூக்கு. அதற்கு மேல் எழுத வரவில்லை.

உன்
லிஃப்ட்காரன்


பிப்ரவரி 9

ஐயா அவர்களுக்கு,

முதலில் மீன். நடுவில் கண்ணாடித் தடுப்பை இறக்கி மாப்பிள்ளையைப் பிரித்து வையுங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவள் விரட்டுவது கோபத்தினால் இல்லை. முட்டைக்குப் பக்கத்தில் யார் வந்தாலும் அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான். நீங்களும் கை வைக்காதீர்கள். வெள்ளையாகிப்போன முட்டையை அவளே பொறுக்கித் தின்றுவிடுவாள். மூன்று நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுக்கு நீந்தத் தெரியாது, ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டும். எழும்பி நீந்த இன்னும் நாலைந்து நாள் ஆகும்.

இந்த நாலைந்து நாளில்தான் கவனம். அவள் குஞ்சுகளை வாயில் எடுப்பாள். எடுத்துப் போய் மணலில் குழி பறித்து அதில் துப்புவாள். ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்து என்று அவளுக்குத் தோன்றும், இடம் மாற்றுவாள். பார்க்கிறவர்களுக்குத் தின்கிற மாதிரியே இருக்கும். தின்னவில்லை. பயந்து எதையும் செய்துவிடாதீர்கள்.

இனி நம் விஷயம்.

நவம்பரில் மயக்க ஊசி போட்டு என்னை அறுத்தார்கள். மறுநாள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வயிறு இல்லை, பிள்ளை இல்லை. "அம்மா பாக்கணுமா" என்று கேட்ட நர்ஸிடம் வேண்டாம் என்று சொன்னது நீங்கள். நான் தாங்க மாட்டேன் என்று முடிவு செய்தது நீங்கள். நான் தாங்குவேனா மாட்டேனா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

என்னிடம் ஒரே ஒரு காகிதம் இருக்கிறது. பெண். ஒரு கிலோ எண்ணூறு கிராம். அழவில்லை. இங்கேயும் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஊர்ப்பட்ட பேருடைய வாய்க்கெல்லாம் அச்சு வருகிறது, பெயர் எழுதி வரிசையாக அடுக்கி வைக்கிறேன். என் பிள்ளையின் ஒரு விரலுக்குக்கூட அச்சு இல்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் எப்படி இருந்தாள் என்று எழுதுங்கள். தூங்குகிற மாதிரி இருந்தாள் என்பது எல்லோருக்கும் சொல்வது. அது வேண்டாம்.

இப்படிக்கு,
பல் செட் செய்கிறவள்


பிப்ரவரி 13

பல்லு டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் வந்தது. நான் தப்பு செய்தது பதினொன்றாம் தேதி காலையில்.

வேலைக்குக் கிளம்பும்போது தொட்டியைப் பார்த்தேன். அவள் வாய்க்குள் குஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. ஒன்று போனதும் அடுத்தது. ஒவ்வொன்றாக வாயில் எடுக்கிறாள். மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "முதல் தடவை அப்படித்தான் சார், தின்னு தீத்துடும். உடனே சட்டியோட வெளிய எடுத்துடுங்க" என்றார். உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை.

சட்டியைத் தூக்கினேன். அவள் என் விரலைக் கொத்தினாள். என் சுண்டு விரல் நீளம் இல்லாத மீன், திரும்பத் திரும்ப வந்து கொத்தியது. தண்ணீர் டப்பாவில் குமிழ் விடுகிற காற்றுக் கல் போட்டு, சட்டியை அதில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது. அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். ஓடிப்போய் சட்டியைத் திரும்ப உள்ளே வைத்தேன். அதற்குள் குஞ்சுகள் மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்துவிட்டது. ஒன்றும் அசையவில்லை. அவள் வாயில் எடுத்துப் போன கொஞ்சமாவது பிழைத்திருக்கும் என்று அந்தக் குழியைத் தேடினேன். சட்டியை ஒட்டித்தான் பறித்திருக்கிறாள். நான் தூக்கிய வேகத்தில் மணல் சரிந்து மூடியிருக்கிறது.

அவள் மட்டும் இன்னும் அந்த மணலை விசிறிக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டது: முடி கொஞ்சமாக இருந்தது. கை சின்னது. மூக்கு எங்கள் அம்மா மூக்கு. போதுமா?

உன்
லிஃப்ட்காரன்


பிப்ரவரி 17

போன வாரம் என் மூக்கு. இந்த வாரம் உங்கள் அம்மா மூக்கு. மயக்கம் தெளிந்த அன்று உங்கள் மூக்கு என்று சொன்னீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு எத்தனை மூக்கு இருக்கும்?

யாராவது எடுத்துவிடுங்கள் என்று சொன்னால் எடுத்துவிடுவது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. பெற்றவளைக் கேட்க வேண்டும் என்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

இல்லை, இந்தத் தடவை கேட்கப் பார்த்தீர்கள். மூன்று தடவை போன் வந்தது. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அண்ணி, "எடேன் கண்ணு, என்னமோ அவசரம் போல" என்றாள். எடுத்திருந்தால் ஒரு நிமிஷப் பேச்சு. 'தின்னல, தூக்கிட்டுப் போறா, விடுங்க' என்று சொன்னால் முடிந்தது. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. இருக்கட்டும்.

இனி மீனைப் பற்றி எழுத வேண்டாம். எதைப் பற்றியும் எழுத வேண்டாம்.


மார்ச் 4

உனக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இரண்டு வாரம் எழுதாமல் இருந்தேன். இன்று எழுதாமல் முடியவில்லை.

அந்தப் பெண் மீன், நம் மஞ்சக்காரி, சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். நீ வாங்கி வைத்த இரை எதையும் தொடவில்லை. மீன் கடைக்காரர் உயிருள்ளதைப் போட்டால் தின்பாள் என்று மொய்னா கொடுத்தார். துள்ளித் துள்ளிப் போகுமே, அந்தத் தண்ணீர்ப் பூச்சி. அவர் பேச்சைக் கேட்டுக் கெட்டது போதும் என்று இருந்தாலும், ஒரு கரண்டி தொட்டியில் விட்டேன்.

அவள் பாய்ந்து வந்தாள். தின்னவில்லை. அந்தப் பூச்சிக் கூட்டத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். மங்கிப் போயிருந்த மஞ்சள் திரும்ப ஏறிவிட்டது. பூச்சிகள் நகர்ந்த பக்கமெல்லாம் கூடவே நகர்ந்தாள். உடம்பை வெடுக் வெடுக்கென்று அசைத்தாள். குஞ்சுகளை 'என் பின்னால வா' என்று கூப்பிட அப்படிச் செய்வாள் என்று நீ முன்பு ஒரு தடவை வீடியோவில் காட்டியிருக்கிறாய். தடுப்புக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வந்தால் கண்ணாடியில் மோதி விரட்டினாள். வழி தப்பின ஒரு பூச்சியை வாயில் எடுத்துக்கொண்டு வந்து கூட்டத்தில் துப்பினாள்.

இரையைப் பிள்ளை என்று நினைத்து மேய்க்கிறாள்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். நவம்பரில் அழாததெல்லாம் சேர்த்து அழுதேன்.

நான் அவளைப் பார்க்கவில்லை.

நம் பிள்ளையை நான் பார்க்கவில்லை. நர்ஸ் வந்து கேட்டார்கள். "அவங்களுக்கு மயக்கம் தெளிய நாளைக்கு ஆயிடும். குழந்தைய வச்சிருக்கட்டுமா? நீங்களாவது பாக்குறீங்களா?" இரண்டுக்கும் வேண்டாம் என்றேன். ஒரு தாளை நீட்டினார்கள். அடக்கத்தை ஆஸ்பத்திரியே செய்யட்டும் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். உனக்காகச் செய்தேன் என்று இத்தனை நாள் உன்னிடம் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். உனக்காக இல்லை. பார்த்துவிட்டால் அவள் இருந்தாள் என்று ஆகிவிடும். பார்க்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போனோம், வந்தோம் என்று ஏதோ ஒரு மாதிரி தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

மூக்கெல்லாம் பொய்.

நாம் முதன்முதலில் பேசியது ஞாபகம் இருக்கிறதா? நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டில் நீ இருந்தாய். மேலே இருந்து "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று கத்தினேன். "நான் பயப்படல, எனக்கு லேட்டாகுது" என்றாய். அன்றும் பயந்தவன் நான்தான்.

லிஃப்ட்காரன்


மார்ச் 9

தெரியும்.

மூன்றாவது மூக்கு வந்தபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் நீங்கள் எழுதிப் படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. நேற்று முழுக்க உங்கள் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். வந்தது. நிறையவே வந்தது. உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நானும் ஒன்று சொல்கிறேன். போன வாரம் கடையில் இரண்டு கிலோ சர்க்கரைப் பை வாங்கினேன். கையில் தூக்கினதும் கனம் தெரிந்துபோனது. இதில் இருநூறு கிராம் குறைவு, அவ்வளவுதான் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. வீடு வரைக்கும் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தேன். தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தேன் என்று அண்ணி கதவைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அவள் அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டாள். அந்தப் பை இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. இந்த வீட்டில் நான்கு நாளாக எல்லோரும் சர்க்கரை போடாமல் காபி குடிக்கிறார்கள், என் முகத்துக்காக.

அதனால் மஞ்சக்காரியை நினைத்து நான் சிரிக்கவில்லை. அவளிடமிருந்து அந்தப் பூச்சிகளை எடுக்காதீர்கள்.

இத்தனை நாளும் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. நான் பார்க்காவிட்டாலும் இவர் பார்த்தார், இவரிடமிருந்து எப்படியாவது பிடுங்கிவிடலாம் என்று. இப்போது அதுவும் போய்விட்டது. பெற்ற இரண்டு பேரில் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. இதை எப்படித் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

ஆனால் யாரோ ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அவளை ஒரு துணியில் சுற்றியிருப்பார்கள். சுற்றியது ஒரு கை. அது யாருடைய கை என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். அதுவரை எழுத வேண்டாம்.


ஏப்ரல் 2

உனக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் எங்கள் கம்பெனி பராமரிப்பில்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை சர்வீஸ். நவம்பருக்குப் பிறகு என் முறை வரும்போதெல்லாம் கூட வேலை செய்கிறவனிடம் மாற்றிவிட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் வந்த பிறகும் இரண்டு வாரம் அப்படித்தான் ஓடினேன். போன திங்கட்கிழமை நானே போனேன்.

ஆறாவது மாடியில் கதவைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் வேலை செய்கிற ஒரு அம்மா, ஐம்பது வயது இருக்கும், துணி மூட்டையோடு வந்து நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க லிஃப்ட் ஆளா? அன்னைக்கு இந்தப் பட்டனையே அமுக்கிட்டு நின்னீங்களே, அவருதானே?" என்றார்.

பட்டனை ஒரு தடவை அமுக்கினால் போதும், திரும்பத் திரும்ப அமுக்கினால் சீக்கிரம் வராது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். அன்று எத்தனை தடவை அமுக்கினேனோ.

"உங்களப் பாத்துதான் கேக்க வந்தேன், 'ஒரு தடவ பாத்துட்டுப் போறீங்களா'ன்னு. நீங்க திரும்பவே இல்ல. அதுக்குள்ள லிஃப்ட் வந்துடுச்சு, போயிட்டீங்க" என்றார்.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாக்காம? நான்தானே குளிப்பாட்டுனேன்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

"வெதுவெதுன்னு தண்ணி வச்சுதான் ஊத்துனேன். குளிரப் போறதில்லதான், ஆனாலும் பச்சத்தண்ணி ஊத்த மனசு வரல. நெத்தி வரைக்கும் முடி. ஈரத்துல சுருண்டுடுச்சு. கட்டவிரல உள்ள மடக்கிப் பிடிச்சிருந்தா. எடது காது மட்டும் மடங்கி இருந்துச்சு, வயித்துக்குள்ள அந்தப் பக்கமா படுத்திருப்பா போல. நீவி விட்டேன். திரும்ப மடங்கிக்கிச்சு. மறுபடி நீவுனேன், மறுபடி மடங்கிக்கிச்சு. சரிடி தங்கம், உன் இஷ்டம்னு விட்டுட்டேன்."

மூக்கு எப்படி என்று கேட்டேன். "எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற மாதிரி சப்ப மூக்குதான். அதுல என்ன?" என்றார்.

துணி பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துணியாம். கீழே எடுத்துப் போகிற வரைக்கும் மேசையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாராம். இருபது நிமிஷம் இருக்கும் என்றார். "தொட்டில் போட முடியாததக் கொஞ்ச நேரம் கையிலயாவது வச்சுக்கணும்ல" என்றார்.

லிஃப்டின் கதவு கழன்று கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மூட்டையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும். ஆனாலும் உட்கார்ந்தார்.

மஞ்சக்காரி திரும்பவும் முட்டை வைத்திருக்கிறாள். நீ சொல்லாவிட்டாலும் தடுப்பை எடுத்து மாப்பிள்ளையை ஒரு வாரம் சேர்த்து விட்டேன், திரும்பப் பிரித்துவிட்டேன். நேற்று பொரிந்தது. இன்று காலையில் வாயில் எடுத்துப் போகத் தொடங்கினாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் குழியில் துப்புவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன். பிழைக்குமா என்று தெரியாது.

லிஃப்ட்காரன்


ஏப்ரல் 8

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனும் அண்ணியும் படித்தார்கள். நானே கொடுத்தேன். அண்ணி சர்க்கரைப் பையைப் பிரித்து எல்லோருக்கும் காபி போட்டாள். நான்தான் பிரிக்கச் சொன்னேன்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று என் காதைப் பார்த்தேன். நேராக இருக்கிறது. உங்கள் காதும் நேர்தான். கல்யாண போட்டோவை எடுத்து அதில் இருக்கிற அத்தனை பேர் காதையும் பார்த்தேன். உங்கள் அம்மா, என் அப்பா, சித்தப்பாக்கள், ஒருவர் காதும் மடங்கி இல்லை. அப்படியானால் அது யார் மாதிரியும் இல்லை. அது அவளுடைய காது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

லேபில் ஈறு செய்ய இளஞ்சிவப்பு மெழுகு வைத்திருப்போம். வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ஒரு காது செதுக்கினேன். என் கட்டை விரலின் மேல் கணு அளவுதான். அப்புறம் சந்தேகம் வந்துவிட்டது. மடிப்பு மேல் விளிம்பிலா, பின் விளிம்பிலா? முன்னால் சாய்ந்ததா, உள்ளே சுருண்டதா? அந்த அம்மா சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அதனால் இன்னொன்று செய்தேன். இப்போது எட்டு இருக்கிறது. பல் செட் அனுப்புகிற டப்பாவில் பஞ்சு வைத்து எட்டையும் வரிசையாக அடுக்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ரயிலில் வருகிறேன். வீட்டுக்கு வருவது பற்றி இப்போது கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அந்த அம்மா எட்டையும் தொட்டுப் பார்த்து எது என்று சொல்லட்டும்.

நீங்கள் ஆறாவது மாடியில் வந்து நில்லுங்கள். அவர் கை எந்தக் காதை எடுக்கிறது என்று என்கூட நின்று நீங்களும் பார்க்க வேண்டும்.